காகிதம் ஆயிற்றா என்று கேட்பவள்

கைக்குழந்தையைக் கண்டால் மற்றவர்கள் கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சுவார்கள். மார்லா நீமி, "காகிதமெல்லாம் ஆச்சா?" என்பாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் கேட்டாள். வட மிச்சிகனில் ஏரிக்கரை ஊரான ஹான்காக்கில், மாதத்தின் முதல் ஞாயிறன்று, லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில், ஆளுக்கொரு பாத்திரம் சமைத்துக் கொண்டுவந்து கூடி உண்பார்கள். இரண்டு அம்மாக்கள் இருக்கும் வீடுகள், இரண்டு அப்பாக்கள் இருக்கும் வீடுகள், அவர்களுடைய பிள்ளைகள். ஏரியின் இந்தக் கரையில் அப்படிப்பட்ட வீடுகள் அதிகம் இல்லை. அதனால் நெடுந்தூரத்திலிருந்தும் வருவார்கள். புதிதாக வந்த இரண்டு இளம்பெண்கள், கூடையில் உறங்கும் மகனை மேசைமேல் வைத்துவிட்டு, இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன காகிதம்?" என்றாள் ஒருத்தி.

"தத்துக் காகிதம். உங்கள்ல யார் பெத்தது?"

"நான்தான்."

"அப்போ இவ தத்தெடுக்கணும், என்ன?"

"நாங்க கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க. பிறப்புச் சான்றிதழ்ல ரெண்டு பேர் பேரும் இருக்கு."

"இருக்கும். நான் அதைக் கேக்கல."

ஏலக்காய் ரொட்டியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த கோரின் திரும்பிப் பார்த்தாள். கோரின் மார்லாவின் மனைவி. ஊர் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். "மார்லா, அவங்க இன்னும் காபியே குடிக்கல."

"குடிக்கட்டும். குடிச்சுக்கிட்டே கேக்கட்டும், என்ன?"

பேச்சின் கடைசியில் இந்த "என்ன"வைக் கொக்கிபோல மாட்டிவிடுவது அவள் வழக்கம். எதிரில் இருப்பவர் பதில் சொல்லாமல் நகர முடியாது.

மார்லாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. சதுரமான தோள்கள். நரைத்த முடியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள்; அது அப்படித்தான் இருக்கும். மாவட்டத்தின் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறாள். அக்டோபரில் இறங்கும் பனி ஏப்ரல் வரை போக மனமில்லாமல் கிடக்கும் ஊர் அது. பாதி வருஷம் அவள் வண்டி போன பிறகுதான் ஊர் எழுந்து வெளியே வரும். எவ்வளவு குளிர் என்றாலும் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கியே வைத்திருப்பாள். பனி தள்ளும் தகடு தாரில் உரசும் சத்தம் காதில் விழவேண்டும். விழாவிட்டால் எதன்மேல் போகிறோம் என்று தெரியாது என்பாள்.

மதியச் சாப்பாடு வண்டிக்குள்ளேயே. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் திணித்துச் சுட்ட பாஸ்டி, அதன்மேல் தக்காளி கெச்சப். அவர்கள் மேஸ்திரி ராய்க்கு இது பொறுக்காது. பாஸ்டிக்கு இறைச்சிக் குழம்புதான் ஊற்ற வேண்டும் என்கிற கட்சி அவன்.

"கெச்சப் ஊத்தித் திங்கறவளை நம்பி ரோட்டை விட்டிருக்காங்க பாரு" என்பான்.

"உன் குழம்பைக் கொண்டுபோய் ரோட்டுல கொட்டு, ராய். பனி கரைக்கற உப்புக்குப் பதிலா ஆகும்."

பத்து வருஷமாக இதே பேச்சு. இருவருக்கும் அலுக்கவில்லை.

இப்படி இருப்பவள் குழந்தையைக் கண்டால் மட்டும் ஏன் வக்கீல் குமாஸ்தா மாதிரி ஆகிவிடுகிறாள் என்று புதிதாக வருபவர்களுக்குப் புரியாது. பழையவர்கள் கேட்பதில்லை. அவர்களுக்கு டெவினைத் தெரியும்.

டெவினைப் பெற்றவள் டானா, அப்போது மார்லாவோடு வாழ்ந்தவள். அந்தக் காலத்தில் மிச்சிகனில் இரண்டு பெண்கள் மணம் செய்துகொள்ள முடியாது; மணம் இல்லாமல், ஒருத்தி பெற்ற பிள்ளையை மற்றவள் தத்தெடுக்கவும் வழியில்லை. டானாவும் மார்லாவும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஒன்றாகத் தீர்மானித்து, ஒன்றாக மருத்துவமனைக்குப் போய், ஒன்றாகப் பிள்ளையோடு திரும்பினார்கள். "நமக்குள்ள எதுக்குக் காகிதம்?" என்று டானா சொன்னாள். மார்லாவும் தலையாட்டினாள். பையன் பல் முளைத்துக் காய்ச்சலில் அழுத நாட்களில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது மார்லா. உறைந்த குளத்தில் சறுக்குக்காலணி கட்டி நிற்கப் பழக்கியது மார்லா. மழலையர் பள்ளியில் முதல் நாள் அவன் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றதும் அவள் காலைத்தான்.

அவனுக்கு ஐந்து வயதாகும்போது டானாவுக்கு வேறொருத்தியோடு பழக்கமாயிற்று. மாநிலத்தின் வடபாதியையும் தென்பாதியையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், தெற்கே போய்விட்டாள், பையனோடு. முதலில் மாதத்துக்கு ஒரு வாரக்கடைசி பார்க்க விட்டாள். பிறகு பையனுக்குச் சளி என்றாள். பிறகு விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றாள். அதன் பிறகு போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

மார்லா நீதிமன்றத்துக்குப் போனாள். தன் பக்கத்தைச் சொல்ல அண்டை வீட்டாரையும், மழலையர் பள்ளி ஆசிரியையையும் அழைத்துப் போயிருந்தாள். அவர்களுக்கு வாய் திறக்கவே வாய்ப்பு வரவில்லை. அந்தக் கட்டத்துக்கு வழக்குப் போகவில்லை. நீதிபதி வயதானவர், கடுமையில்லாதவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"மிஸ் நீமி, நீங்க இந்தப் பையனை வளர்த்தீங்கங்கறதை நான் சந்தேகப்படல. ஆனா சட்டத்தோட கண்ணுல நீங்க இவனுக்கு மூணாம் மனுஷி. இவனைக் கேட்டு வழக்குப் போடற உரிமையே உங்களுக்குக் கிடையாது. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

"சரி" என்றாள் மார்லா. கோட்டை மாட்டிக்கொண்டு நேராக வேலைக்குப் போனாள். அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. ராய் அவளுக்குப் பதில் ஆள் வைத்திருந்தான். அவள் வந்ததைப் பார்த்து எதுவும் கேட்காமல் சாவியை நீட்டினான்.

சில வருஷம் கழித்து நாடு முழுவதும் கல்யாணத்துக்கு வழி பிறந்தது. அதற்குள் கோரின் அவள் வாழ்க்கைக்குள் வந்திருந்தாள். சின்ன உருவம், சட்டென்று சிரிப்பு, சட்டென்று கோபம். ஹான்காக்கிலேயே மணம் செய்துகொண்டார்கள். கோரினின் பெற்றோர் வரவில்லை; வாழ்த்து அட்டைகூட அனுப்பவில்லை. பின்பு கோரின் ஒரு பெண்ணைப் பெற்றாள். அய்லா என்று பெயர் வைத்தார்கள். கோரின் அவளுக்கு அம்மா. மார்லா, நீமி வீட்டுப் பின்லாந்து வழக்கப்படி, ஐட்டி. அதற்கும் அம்மா என்றுதான் அர்த்தம். மணமானவர்கள் என்பதால் பிறப்புச் சான்றிதழில் இருவர் பெயரும் கேள்வியில்லாமல் ஏறியது. கோரினுக்கு அது போதும். மார்லாவுக்குப் போதவில்லை.

அவர்கள் வீட்டின் பின்னால் மரத்தாலான சவ்னா அறை இருக்கிறது. விறகடுப்பின் மேல் கற்களைக் காயவைத்து, நீர் தெளித்து, கிளம்பும் ஆவியில் உட்கார்ந்து வியர்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை அது கட்டாயம். சவ்னாவுக்குள் சண்டை போடக்கூடாது என்பது அந்தப் பக்கத்து மனிதர்கள் மீறாத வழக்கம். அதனால்தான் மார்லா அங்கே வைத்துப் பேச்சை எடுத்தாள்.

"அய்லாவை நான் தத்தெடுக்கணும்."

கோரின் கல்லில் ஒரு கரண்டி நீர் விட்டாள். சீறியது. "சொந்தப் பிள்ளையை யாராவது தத்தெடுப்பாங்களா?"

"பெத்தது நீ."

"அதை நீயே சொல்றே பாரு."

"நான் இப்போ சொல்றேன். ஒரு நாள் எவனாவது ஜட்ஜ் சொல்லுவான்."

"சான்றிதழ்ல உன் பேர் இருக்கு, மார்லா."

"அது ஆபீஸ்ல எழுதி வைக்கறது. கோர்ட் தீர்ப்பு இல்ல. வேற மாநிலத்துல எங்கியாவது வண்டி கவுந்து உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்கப்பா வந்து நின்னு, இந்தப் பொம்பளைக்கும் என் பேத்திக்கும் ரத்த சம்பந்தம் இல்லம்பார். சான்றிதழை வச்சு வாதாடிக்கிட்டு நிக்கணும். தத்துத் தீர்ப்புன்னா எந்த மாநிலமும் தள்ள முடியாது. ஜூடித் சொன்னா."

ஜூடித் அவர்களுடைய வக்கீல். மார்லாவுக்காகப் பழைய வழக்கில் வாதாடித் தோற்றவளும் அவள்தான்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மட்டும்தானா?" என்றாள் கோரின்.

மார்லா முகத்து வியர்வையை வழித்துவிட்டாள்.

"நான் டானா இல்ல."

"டானாவும் அப்போ டானா இல்ல."

கோரின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாளியையே எடுத்துக் கல்லில் கவிழ்த்தாள். அறை முழுக்க ஆவி. மூச்சு முட்டி மார்லா மேல் பலகையிலிருந்து கீழ்ப் பலகைக்கு இறங்க வேண்டியதாயிற்று. அந்த விஷயத்தில் அந்த வீட்டில் நடந்த சண்டை அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை, மருந்துக்கடையிலிருந்து கோரினே ஜூடித்துக்குப் போன் செய்து நேரம் வாங்கினாள்.

ஜூடித்தின் அலுவலகம் இரும்புக்கடை மாடியில். எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடலாம் என்றாள்: தத்து, இருவருக்கும் உயில், தங்களுக்கு ஒன்று ஆனால் பிள்ளை யாரிடம் போகவேண்டும் என்கிற ஏற்பாடு, ஆஸ்பத்திரியில் ஒருவருக்காக மற்றவர் முடிவெடுக்கும் அதிகாரம். "மனசு கெட்ட நேரத்துல இதெல்லாம் எழுத முடியாது. நல்லா இருக்கறப்பதான் எழுதணும்" என்றாள். மார்லா தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, மரத்தில் செதுக்குவதுபோல் எழுதினாள். அவள் கையெழுத்துப் போடும்போது யாரும் பேசக்கூடாது.

சொந்தப் பிள்ளைக்கு இத்தனை சோதனையா என்று கோரினுக்கு வயிறு எரிந்தது பின்னால்தான். மார்லாவின் விரல்ரேகையைப் போலீஸ் நிலையத்தில் எடுத்தார்கள். இவள் நல்லவள்தான் என்று சொல்ல மூன்று பேர் வேண்டும் என்றார்கள். ராய் ஒருவன், கெச்சப் விவரத்தைத் தவிர்த்துவிட்டு நல்லபடியாகத்தான் எழுதிக் கொடுத்தான். பிறகு வீட்டைப் பார்த்துப்போக நீதிமன்றத்திலிருந்து கைல் என்று ஓர் இளைஞன் வந்தான். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, வேட்டைத் துப்பாக்கிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தான். கோரின் அவனுக்கு முன்னால் ரொட்டித் தட்டை வைத்தாள். காற்று வந்தால் பறந்துவிடும்போல அவ்வளவு மெல்லிய துண்டு.

கைல் கூச்சத்தோடு கேட்டான். "இதைக் கேட்டே ஆகணும், மன்னிச்சுக்குங்க. இந்தக் குழந்தையை ஏன் தத்தெடுக்க விரும்பறீங்க?"

அய்லா அப்போது மார்லாவின் கால்மேல் உட்கார்ந்து அவள் காலுறையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"விரும்பறதுக்கு என்ன இருக்கு? இவ ஏற்கெனவே என் பொண்ணு. அது உங்க ஆபீஸுக்குத் தெரியணும், அவ்வளவுதான், என்ன?"

கைல் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியப்படுத்திடறேன்" என்றான். கோரின் எழுந்து போய், இந்த முறை சரியான கனத்தில் ஒரு துண்டு வெட்டி வந்து அவன் தட்டில் வைத்தாள்.

விசாரணை நாளில் நீதிபதியாக ஒரு பெண் இருந்தாள். மார்லாவிடம் அதிகம் கேட்கவில்லை. கோரினைத்தான் எழுந்து நிற்கச் சொன்னாள். பெற்றவளின் சம்மதம் இல்லாமல் தத்து நடக்காது.

"நீங்க இதுக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சாலும் குழந்தைமேல உங்களுக்கு என்ன உரிமையோ அதே உரிமை இவங்களுக்கும் இருக்கும். பின்னால மனசு மாறினா திருப்பி வாங்க முடியாது. புரியுதா?"

மார்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய வழக்கு நடந்ததும் அதே கட்டடம். தரைவிரிப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

"புரியுது, யுவர் ஆனர்" என்றாள் கோரின். "திருப்பி வாங்க முடியாதுங்கறதுக்காகத்தான் வந்திருக்கோம்."

அன்று மார்லா அழுதாளா என்று கேட்டால் கோரின் சிரிப்பாள். "அழல. ஆபீஸ் ஜன்னல்ல போய் நின்னு, முத்திரை வச்ச நகல் எத்தனை தருவீங்கன்னு கேட்டா."

ஒரு நகல் இப்போதும் காரில் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியில் இருக்கிறது. ஒன்று ஜூடித்திடம். இன்னொன்று பிளாஸ்டிக் உறையில், ஃப்ரீசருக்குள், மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில். வீடு எரிந்தாலும் ஃப்ரீசர் எரியாது என்று மார்லாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இறைச்சி எடுக்கப் போகும்போதெல்லாம் கோரின், "உன் பொண்ணு இன்னும் உன் பொண்ணுதான், பார்த்துட்டேன்" என்று சமையலறைக்குள் குரல் கொடுப்பாள்.

அய்லா மழலையர் பள்ளியில் சேர இருந்த கோடையில் ஜூடித் போன் செய்தாள். தெற்கே யாரோ இரண்டு பெண்களின் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் புதிதாக ஒன்று சொல்லியிருந்தது. அந்தக் காலத்தில் சட்டம் தடுக்காமல் இருந்திருந்தால் இவர்கள் கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள் என்று நிரூபித்தால், பெறாதவளும் பிள்ளையைக் கேட்டு வழக்குப் போடலாம்.

"உனக்கு இப்போ வாசல் திறந்திருக்கு, மார்லா. டெவினுக்குப் பதினெட்டு ஆகல. போடறதுன்னா சீக்கிரம் போடணும்."

மார்லா அன்று வேலையில், சாலையோரப் புல்லை வெட்டும் வண்டியில் இருந்தாள். வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இந்தப் போனுக்காகப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தவள். மாலையில் இரும்புக்கடை மாடி ஏறிப் போய்ச் சொன்னாள்.

"நிரூபிக்கணும்னா டானாவைக் கூண்டுல ஏத்தணும், என்ன?"

"ஏத்தணும்."

"என்னைக் கட்டிக்கிட்டிருப்பியான்னு கேக்கணும்."

"கேக்கணும்."

"அவ மாட்டேன்னு சொல்லுவா. அதை அந்தப் பையன் உக்காந்து கேக்கணும். வேண்டாம், ஜூடித்."

"இதுக்கப்புறம் வாசல் மூடிடும்."

"மூடட்டும். ஒண்ணு மட்டும் பண்ணு. வழக்குப் போடமாட்டேன்னு டானாவுக்குச் சொல்லு. அவனுக்கு இஷ்டமிருந்தா நான் இங்கதான் இருக்கேன்னும் சொல்லு. அவ்வளவுதான்."

காகிதம் காகிதம் என்று ஊரையெல்லாம் அரிப்பவள், தனக்குக் கிடைக்கவிருந்த ஒரு காகிதத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். கோரினிடம் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். கோரின் எழுந்து வந்து அவள் பின்னால் நின்று, கத்தரித்த தலையில் தாடையை வைத்துக்கொண்டாள். அய்லா, "நானும்" என்று நாற்காலியில் ஏறினாள்.

இலை உதிர்ந்தது, பனி வந்தது. டானாவிடமிருந்து ஒன்றும் இல்லை. மார்லா வண்டி ஓட்டினாள், ராயோடு சண்டை பிடித்தாள், முதல் ஞாயிறுகளில் புதியவர்களை ஜூடித்திடம் அனுப்பினாள். ஜனவரிக் குளிரில் ஒரு மாலை போன் ஒலித்தது. எண் தெரியாதது, குரல் தெரிந்தது.

"டெவின் பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கி டீம்ல இருக்கான்" என்றாள் டானா. "வர்ற மாசம் அங்க வடக்க வந்து விளையாடறாங்க. உங்க ஊர்லயேதான். நீ ஜூடித்கிட்ட சொல்லி அனுப்பினதை அவன்கிட்ட சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"வரலாம்னான். பெரிசா ஒண்ணும் சொல்லல. இப்பெல்லாம் எதுக்குமே பெரிசா ஒண்ணும் சொல்றதில்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் அங்க வரமாட்டேன், மார்லா."

தீர்ப்புக்குப் பயந்தாளா, மனம் இளகினாளா என்று மார்லா கேட்கவில்லை. "போன் பண்ணினியே" என்று மட்டும் சொன்னாள்.

ஆட்டத்தன்று கோரினும் அய்லாவும் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இது உன்னுடையது, நீ மட்டும் போ என்றாள் கோரின். மார்லா பனிக்கூடத்தின் மேல் வரிசையில், உள்ளூர்க் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். முகமூடியும் தலைக்கவசமும் போட்ட பையன்களில் எவன் அவன் என்று சட்டை முதுகிலிருந்த பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டாள். நெட்டையாக இருந்தான். திரும்பும்போது இடது தோளைத் தாழ்த்தினான். உள்ளூர் அணி ஜெயித்தது. சுற்றிலும் எழுந்து கைதட்டினார்கள். அவள் மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

ஆட்டம் முடிந்தபின் வெளியூர் அணியின் உடைமாற்றும் அறைக்குப் போகும் நடைவழியில் கழுத்தில் விசிலோடு ஒருவர் நின்று, வருகிறவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"குடும்பத்து ஆளுங்க மட்டும்தான், மேடம். நீங்க யாருக்கு?"

மார்லா, "பரவால்ல, இங்கயே நிக்கறேன்" என்று சொல்லிச் சுவரோரம் ஒதுங்கி, மற்ற பெற்றோர்கள் உள்ளே போக வழிவிட்டாள்.

பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். டெவின் கடைசியில் வந்தான். தோளில் பெரிய பை, கையில் மட்டை, இன்னொரு கையில் தலைக்கவசம், ஈரமான முடி. நடைவழியில் இரண்டு பக்கமும் பார்த்தான். அவளைப் பார்த்ததும் நேராக வந்து பக்கத்தில் நின்றான். அவளைவிட ஒரு தலை உயரம். எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"தோத்துட்டோம்" என்றான்.

"பார்த்தேன்."

"கோச் திட்டுவார்."

"திட்டட்டும்."

பையின் பட்டை தோளிலிருந்து நழுவியது. அதைச் சரிசெய்ய ஒரு கை வேண்டியிருந்தது. அதற்குள் யாரோ ஒரு நண்பன் கூப்பிட, அவன் அந்தப் பக்கம் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே, அவளைப் பார்க்காமலே, தலைக்கவசத்தை அவள் பக்கம் நீட்டினான். மார்லா இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.